இடுப்பில் இரண்டு முடிச்சு

கிதிர் முகம்மது குற்றாலம் கடைவீதியில் விளக்குக் கம்பத்தடியில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார். விடிந்து அரை மணிகூட ஆகவில்லை. அவரோடு முதல் பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் எண்ணெய் வழியும் தலையோடு அருவிக்கு ஓடிவிட்டார்கள். இவரோ நேற்றைய மழைக்குப் பிறகு வெளிச்சத்துக்கு வந்து விழுந்த பூச்சிகளை ஒற்றை விரலால் ஒதுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "என்ன பாய், மோதிரத்தத் தொலைச்சிட்டீயளா?" என்று யாராவது கேட்டால், "இல்ல, ஒரு ராணியத் தேடுதேன்" என்பார். கேட்டவர் அதற்குமேல் அங்கே நிற்பதில்லை.

தென்காசியில் கடிகாரம் பழுதுபார்ப்பது அவர் தொழில். வயது ஐம்பதை நெருங்குகிறது. கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ் கடிகாரத்துக்காக வாங்கியது. பாதி நேரம் எறும்புக்குத்தான் உழைக்கிறது. மழை விழுந்ததும் ராணி எறும்பு கூட்டைவிட்டுப் பறக்கும். தரையிறங்கியதும் இறக்கையை உதிர்த்துவிட்டுப் புதுக்குடித்தனம் போட இடம் தேடி அலையும். அதைப் பிடித்து இன்ன எறும்பு என்று பெயர் சொல்லாவிட்டால் இவருக்குச் சோறு இறங்காது.

விஷயம் தெரிந்தவர்கள் அவருக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு பொட்டலம் கட்டிக் கொண்டுவருவார்கள். பிரித்தால் ஈசல் இருக்கும். "இதுக்கு இடுப்பு எங்க இருக்கு? இடுப்பு இல்லேன்னா ஈசல். வறுத்துத் திங்கதுக்கு ஆகும், எனக்கு ஆகாது" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். எறும்பென்றால் முதலில் இடுப்பில் முடிச்சு ஒன்றா இரண்டா என்று பார்ப்பார். ஒன்றென்றால் கட்டெறும்பு, முசுறு என்று ஒரு வழி. இரண்டென்றால் வேறு வழி. பிறகு மீசையில் எத்தனை கணு, முதுகில் முள் உண்டா என்று போகும். பெயரைப் பென்சிலால் எழுதி, ராணி இருக்கும் ஊசிமருந்துப் புட்டியில் ஒட்டுவார். சந்தேகமென்றால் கேள்விக்குறி போடுவார். "தெரியாததத் தெரியாதுன்னுதான் எழுதணும். சும்மா அழுக்கு அடைச்சிருந்த வாச்ச, ஸ்பிரிங் போச்சுன்னு சொல்லலாமா?"

அவர் மனைவி ஜாஹிரா பீவிக்கு வேறு கணக்கு. "எறும்புக்கெல்லாம் ஒடனே ஒடனே பேரு வைக்காரு. பெத்த மகளுக்குப் பேரு வைக்க நாப்பது நாளாச்சு" என்பார்.

அந்தக் கேள்விக்குறிகளில் ஒன்றுதான் அவரைப் படாதபாடு படுத்திவிட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாம் வருஷச் சாரலில் ஒரு சிவப்பு ராணி கிடைத்தது. இரண்டு முடிச்சு. அதற்குமேல் பிடிபடவில்லை. பள்ளிக்கூடத்து விஞ்ஞான ஆசிரியர் ஆவுடைநாயகம் அதைப் பற்றி இங்கிலீஷில் எழுதி, வடக்கே ஒரு காட்சிசாலைக்கு அனுப்பினார். பதில் வந்தது: ராணியை மட்டும் வைத்து இனம் சொல்வதற்கில்லை, அது பெறும் வேலைக்கார எறும்புகளையும் அனுப்புங்கள். அதற்குள் அந்த ராணி செத்துப்போயிருந்தது. அடுத்த வருஷம் அதே போல ஒன்று கிடைத்தது; முட்டையிட்டது; இட்ட முட்டைகளைத் தானே தின்றுவிட்டது.

இந்த வருஷம் ஆனியில் மூன்றாவது ராணி. ஈரப்பஞ்சு வைத்த புட்டியில் போட்டுக் கடையின் பலகைச் சுவரில் ஒரு தட்டில் வைத்திருந்தார். ஒரு பகல் பன்னிரண்டு மணிக்கு லென்சும் கண்ணுமாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அதே சுவரில் தொங்கிய ஆறு கடிகாரங்களும் அடிக்கத் தொடங்கின. பலகை அதிர்ந்தது. ராணி முட்டைக் குவியலை வாயில் கவ்விக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியது. "ஏ அல்லா, போன வருசமும் நான்தான் கெடுத்தேனா!" என்று எழுந்தவர், ஆறு பெண்டுலங்களையும் கையால் பிடித்து நிறுத்தினார்.

கடைத்தெரு சிரித்தது. டீக்கடையும் பஸ் ஏஜெண்டும் அவருடைய பெரிய கடிகாரத்தைப் பார்த்துத்தான் நாளை நடத்திவந்தார்கள். கடிகாரக் கடையிலேயே கடிகாரம் ஓடவில்லையென்றால் யார் நம்பி வேலை கொடுப்பார்கள்? இரண்டு பேர் கொடுத்த டைம்பீஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். பழுதுக்கு வந்த கைக்கடிகாரங்களோ ஆளுக்கொரு மணி காட்டின.

"பாய், ஊரே சிரிக்கி. ஒண்ணையாவது ஓட விடும்" என்றார் ஆவுடைநாயகம்.

"பொறுங்க சார். அவ புள்ள பெத்துக்கிடட்டும்."

புட்டி இழுப்பறையின் இருட்டுக்குப் போயிற்று. வெள்ளிக்கிழமை ஒருதரம் மட்டும் பார்ப்பதென்று தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்டார். எதையும் திறந்து பார்த்தே பழகிய கைக்கு அது நோன்பைவிடக் கஷ்டமாக இருந்தது. பாவம், இழுப்பறைச் சாவியைப் பீவியிடம் கொடுத்து வைத்திருந்தார்.

ஆறாவது வெள்ளிக்கிழமை பீவி சாப்பாடும் சாவியும் கொண்டுவந்தபோது ஆவுடைநாயகமும் கடையில் இருந்தார். பாய் புட்டியை எடுத்தார். லென்ஸை இடுக்கினார். உதடு அசைய எண்ணினார்.

"சார், ஏழு பிள்ளைய" என்றார் கடைசியில். "கடுகுலயும் பாதிதான் இருக்கும். ரெண்டு முடிச்சு. ஒண்ணுக்கு மட்டும் தல ஒடம்பவிடப் பெருசு. பெருந்தல எறும்பு சார் இது! தாய்க்குத் தல சாதாரணமா இருக்கப்போயில்லா நாம ஏமாந்துட்டோம்!"

"கடுதாசி எழுதட்டுமா?"

"எழுதுங்க. இருவதாவட்டும், ரெண்ட அனுப்புவோம்."

பீவி லென்ஸை வாங்கிப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு வந்ததைப் பாய் கவனிக்கவில்லை. "இங்கன வேண்டாம், வீட்டுக்குக் கொண்டு போறேன். அங்கன ஒரு இரைச்சலும் கெடையாது" என்று புட்டியை முந்தானையில் பொதிந்துகொண்டு படியிறங்கினார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை பாய் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பெரிய கடிகாரத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்தார். பெண்டுலத்தில் விரலை வைத்தவர் அப்படியே தயங்கி, கொஞ்சம் வெட்கத்தோடு ஆவுடைநாயகத்தின் பக்கம் திரும்பினார்.

"சார், மணி என்ன?"