அந்தோணியின் உதட்டில் மூன்று தையல்

எண்பதுகளில் புனே கோர்படியில் குடியிருந்தேன். பழைய மோட்டார் சைக்கிளை விற்று வேறொன்று வாங்கியிருந்தேன். கசார்வாடியில் பட்டறை வைத்திருந்த தமிழர் அந்தோணி அதை சர்வீஸ் செய்து கொடுத்தார். மறுவாரமே, நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது எஞ்சின் திணறி நின்றது. லாரி ஹேண்டிலை உரசி என்னைச் சாலையோரம் வீசியது.

ரத்தம் வழிய வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். "என்னைக் கொல்லப் பார்த்தியாடா?" என்று அந்தோணியின் வாயில் குத்தினேன். உதடு கிழிந்தது. பக்கத்துப் பட்டறை ஆட்கள் என்னைக் கீழே தள்ளி மிதித்தார்கள்.

"சோடோ பாய், சோடோ!" என்று, விட்டுவிடச் சொல்லி அந்தோணிதான் அவர்களை விலக்கினார். பிறகு வண்டியின் காற்று வடிகட்டியான ஏர் ஃபில்டரைக் கழற்றினார். அதிலிருந்த காகிதம் ஊறிப்போய் சோப்பு வாசனை அடித்தது.

"அண்ணா, இதைத் துவைச்சீங்களா?"

பழைய வண்டியின் ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் போல, முந்தின நாள் நான்தான் துவைத்து ஈரத்தோடு மாட்டியிருந்தேன்.

"ஸ்பாஞ்சைத்தான் கழுவணும். இது காகிதம்ணா. நனைஞ்சா எஞ்சினுக்குக் காத்து போகாது."

கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். மூன்று தையல் போட்டுக்கொண்ட அந்தோணி, அதன்பின் என் வண்டியைத் தொடவேயில்லை.

இப்போதெல்லாம் காகித ஃபில்டரைத் தட்டித் தூசி மட்டும் எடுக்கிறேன். கறுத்தால் புதிது மாட்டுகிறேன். எந்த மெக்கானிக்கிடம் போனாலும், வீட்டில் நான் கைவைத்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.