பவுடர் பூசிய எஞ்சின்

வேலாயுதம் எஞ்சினுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருக்கிறார். பஞ்சால் ஒற்றி ஒற்றி, கொஞ்சிக் கொஞ்சி. மனைவி ஜோதிமணியின் முகப்பவுடர் டப்பா பேட்டரி மேல் உட்கார்ந்திருக்கிறது. "எண்ணெய் எங்க ஒழுகுதுன்னு வெறுங்கண்ணுக்குத் தெரியாதுங்க. பவுடர் போட்டு வண்டிய ஓடவிட்டா, திருடன் ஈரக்காலோட மாட்டிக்குவான்" என்று வாசலைக் கடக்கும் யாரிடமும் சொல்வார். எதிரில் இருப்பவர் கன்னடக்காரர் என்றால் அதையே கன்னடத்தில், இன்னும் சத்தமாக.

வார நாட்களில் அவர் ஊதுவத்திக் கம்பெனியில் மேஸ்திரி. விடுமுறையில் தன் பழைய வெள்ளைக் காருக்கு டாக்டர், தாதி எல்லாம். மெக்கானிக்கிடம் விடச் சொன்னால் முகம் சுருங்கிவிடும். "பெத்த புள்ளைய ஹாஸ்டல்ல விட்ட மாதிரி இருக்குமுங்க." மல்லாந்து காரின் அடியில் போய்விட்டால் வெளியே தெரிவது இரண்டு பாதங்கள்தாம். அவையும் சும்மா இருக்காது, தாளம் போடும்.

இந்த வருஷ ஆயுத பூஜை அவருக்கு வாழ்வா சாவா. போன பூஜையில் ஜோதிமணி போட்ட கோலத்தின் நடுவில் கார் கரும்பொட்டு வைத்துவிட்டது. "அடுத்த தடவை ஒரு சொட்டு விழுந்துச்சோ, குஜரிக் கடைக்குப் போட்டு பழைய இரும்பு வெலைக்கு வித்துருவேன்" என்று ஜோதிமணி தெருவே கேட்க அறிவித்துவிட்டார்.

பூஜையன்று காலையில் பவுடரில் ஈரக்கோடு தெரிந்தது. எஞ்சினின் மேல்மூடி ஓரம்! "மாட்டுனான் பாரு!" என்று துள்ளியதில் தலை பானெட்டில் இடித்தது, அதுகூட உறைக்கவில்லை. பழைய ரப்பர் பேக்கிங்கை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டி, நட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கினார். கடைசி நட்டை விரலால் திருகியபோது காபி வந்தது. குடித்த கையோடு, அதே உற்சாகத்தில், ஸ்பானர்களைக் கழுவித் துடைத்து சாமி முன் பலகையில் அடுக்கிக் குங்குமம் வைத்துவிட்டார். கற்பூரமும் காட்டியாயிற்று. பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக்கூடாது.

சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கும்போதுதான் ஸ்பானர் போட்டு இறுக்காத அந்தக் கடைசி நட்டு நினைவுக்கு வந்தது. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் மஞ்சுநாத்திடம் ஓடினார்.

"ஐயோ குரு, நம்ம ஸ்பானரும் பூஜையில இருக்கே!"

எதிர்வீட்டிலும் அதே கதை. தெருவிலிருந்த அத்தனை ஸ்பானரும் குங்குமம் வைத்துக்கொண்டு லீவில் இருந்தன. வேலாயுதம் வேட்டி நுனியைச் சுற்றி நட்டை முறுக்கிப் பார்த்தார். விரல்தான் வலித்தது. காருக்கு முன்னால் கோலம் பளிச்சென்று காத்திருந்தது. பாவம், அழாத குறை.

"ஏனுங்க." பின்னால் ஜோதிமணி. முந்தானைக்குள்ளிருந்து குங்குமப் பொட்டோடு ஒரு ஸ்பானர் எட்டிப் பார்த்தது. "பத்தாம் நம்பர்தானுங்களே? வெரசா முறுக்குங்க. சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"நீயா! குஜரிக்குப் போடுவேன்னியே?"

"கோவத்துல ஆயிரம் சொல்லுவேன். அதுக்குன்னு எங்கம்மா ஊட்டுக்கு, ஹனூருக்கு, பஸ்ஸுல போயி எறங்குவனாக்கும்?"

நட்டு இறுகியது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. கார் கோலத்தின் மேல் நின்று உறுமியது. தெருவே குனிந்து அடியில் பார்த்தது. ஒரு சொட்டு இல்லை! மஞ்சுநாத் விசிலடித்தார்.

வேலாயுதம் யாரையும் பார்க்கவில்லை. ஸ்பானரை இடுப்பில் மறைத்துக்கொண்டு உள்ளே ஓடி, பலகையில் இருந்த இடத்திலேயே வைத்து, எண்ணெய்க் கையால் இரண்டு காதையும் பிடித்துத் தோப்புக்கரணம் போட ஆரம்பித்தார். பக்கத்தில் வளையல் சத்தம் கேட்டது. ஜோதிமணியும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, காதைப் பிடித்தபடி உட்கார்ந்து எழுந்தார்.