நாற்பது விநாடி டெல்மர்

"சாமான் டிராலியைக் காட்டு, நாப்பது விநாடியில நீ பாக்க வேண்டிய படத்தைச் சொல்றேன். என் கண்ணுக்குத் தப்பின மனுஷன் இந்த ஜில்லாவுல இன்னும் பொறக்கல."

2010ஆம் வருஷம் மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சடெக் மளிகைக் கடை வாசலில் அடுக்கியிருந்த உப்பு மூட்டைகளின் மேல் உட்கார்ந்தபடி டெல்மர் ஹ்ருஸ்கா இப்படி அறிவித்தார். கேட்டவர்கள் மூன்று பேர்; அதில் ஒருவருக்குக் காது மந்தம். ஆனாலும் திங்கட்கிழமைக்குள் டோப்ரி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. நெப்ராஸ்காவில் எங்கள் டோப்ரியின் ஜனத்தொகை ஆயிரத்துச் சொச்சம்தான் என்பதால், அது அப்படியொன்றும் பெரிய பரவல் இல்லை.

டெல்மரின் பெருமை வானத்திலிருந்து குதித்ததல்ல. முப்பத்தோரு வருஷம் கூட்டுறவுத் தானியக் கிடங்கின் எடைமேடையில் இருந்தவர். மக்காச்சோளம் ஏற்றிய லாரி வளைவில் திரும்பும்போதே எடையைச் சொல்லிவிடுவார். முள் நிதானமாக வந்து ஆமாம் போடும். ஒரே ஒரு தடவை நானூறு பவுண்டு பிசகியது. அன்றைக்குக் காற்று அதிகம் என்று இன்றுவரை சொல்லிவருகிறார். ஓய்வு பெற்றபோது ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். பார்க்க லாரி இல்லாதவன் நேரத்தையாவது பார்க்கட்டும் என்று நினைத்திருப்பார்கள்.

அந்த வருஷமே சடெக் கடை வாசலில், கேஸ் சிலிண்டர் கூண்டுக்கும் ஐஸ் பெட்டிக்கும் நடுவே, நீல நிற டிவிடி மெஷின் ஒன்று வந்து நின்றது. ஒரு டாலருக்கு ஒரு ராத்திரி. கார்டைத் தேய்த்தால் வயிற்றிலிருந்து படத்தைத் துப்பும். மறுநாள் ஒன்பது மணிக்குள் திரும்ப ஊட்டிவிட வேண்டும். உள்ளே இருநூறு படங்கள். ஊரிலோ ஒரு முடிவுக்கு வரத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் தேறுவார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் டிராலிகள் வரிசை கட்டின. ஐஸ்கிரீம் உருகியது. நல்ல தம்பதிகள் பொது இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்கள். இந்தக் கட்டத்தில்தான் ஊருக்கு டெல்மர் தேவைப்பட்டார். ஊர் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

"லைல், அந்தக் குதிரைப் படத்தை விடு."

எலக்ட்ரீஷியன் லைல் குச்சேரா திரும்பிப் பார்த்தான். "ஏன்யா?"

"ரெண்டு பீட்சா, ஒரு கட்டு டயப்பர், பன்னெண்டு பீர். உன் வீட்டுல யாரு தொண்ணூறு நிமிஷத்துக்கு மேல முழிச்சிருக்கப் போறா? கார் வெடிக்கிற படம் எடு. சீக்கிரமா வெடிக்கிறதா பாத்து எடு."

லூத்தரன் சபை பாஸ்டரின் டிராலியில் முட்டைக்கோஸுக்கு அடியில் ஒயின் பாட்டிலின் கழுத்து எட்டிப் பார்த்தது. "கொலைப் படம், பாஸ்டர். குறைஞ்சது ரெண்டு கொலை" என்றார் டெல்மர். பாஸ்டர் கோஸைச் சரிசெய்துவிட்டு, "பிரசங்கத்துக்கு உதவும்" என்றார்.

தவறு நடக்கவே இல்லையா என்றால், நடந்தது. வங்கியில் வேலை பார்க்கும் கெண்ட்ரா மறுநாளே சண்டைக்கு வந்தாள். "நீங்க சொன்ன படம் சுத்தக் குப்பை."

"என்கிட்ட கேட்டப்புறம் திரும்ப உள்ள போய் ஏதாவது வாங்கினியா?"

"சாக்லேட் வாங்கினேன். அதுக்கென்ன?"

"பாத்தியா. டிராலி மாறிப்போச்சு. நான் என்ன பண்ண?"

இந்தப் புகழ் எட்டாத ஒரே வீடு டெல்மருடைய வீடு. மனைவி வெரா இருபத்தாறு வருஷமாக முதியோர் இல்லச் சமையலறையில் மாலை வேலை. வெள்ளிக்கிழமைகளில் அவர் வீடு திரும்பும்போது, டெல்மர் பார்த்த படம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கும், டெல்மர் தூங்கிக்கொண்டிருப்பார். அக்டோபரில் வெராவும் ஓய்வு பெற்றார். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை இருவரும் முதல்முறையாகச் சேர்ந்து சடெக் கடைக்கு வந்து, சாமான் வாங்கி, வெளியே வந்தார்கள்.

"ஜார்ஜீன் போன் பண்ணா" என்றார் வெரா. ஜார்ஜீன் அவருடைய தங்கை, பக்கத்து ஊர். "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அவ வீட்டுல சீட்டாட்டமாம். ஒரு கை குறையுதாம். ராத்திரிக்குள்ள பதில் சொல்லணும்."

"எல்லா வெள்ளிக்கிழமையுமா?"

"ஆமா. பதினாறு மைல்தானே, நானே ஓட்டிட்டுப் போயிடுவேன். உனக்குத்தான் மெஷின் இருக்கே."

"இன்னிக்கு ஒரு படம் பாரு வெரா. நான் எடுத்துத் தர்றேன்."

வெரா யோசித்தார். "சரி, ஊருக்கெல்லாம் எடுக்கிற, எனக்கும் ஒண்ணு எடு. புடிச்சுதுன்னா வெள்ளிக்கிழமை உன்கூட. புடிக்கலைன்னா சீட்டு."

தனியாக வெள்ளிக்கிழமை கழிப்பதில் டெல்மருக்கு இருபத்தாறு வருஷ அனுபவம் உண்டு. அது போதும், இனி வேண்டாம் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. வெராவிடமும் சொன்னதில்லை.

வரிசையில் நின்றார்கள். முறை வந்தது. டெல்மர் மெஷின் முன்னால் நின்று, வழக்கம்போல டிராலியைப் பார்த்தார்.

அடர்ந்த வறுவல் காபி. அது டெல்மருக்கு. கறுப்பு ரொட்டி, அவருக்கு. பன்றிக் கறி சாசேஜ், புளித்த முட்டைக்கோஸ், அவருக்கு. அந்த முட்டைக்கோஸால் வரும் நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை, அதுவும் அவருக்கே. ரொட்டியை நகர்த்திப் பார்த்தார். அடியில் அவருடைய கம்பளிக் காலுறை ஒரு ஜோடி இருந்தது. இந்த டிராலிக்கு உரிய மனிதரை அவருக்கு நன்றாகத் தெரியும். போர்க்கப்பல் படம் என்றால் அந்த ஆளுக்கு உயிர்.

"வெரா, இதுல உன்னோடது எது?"

"எல்லாம் நம்மோடதுதானே."

"அது சரி. உனக்குன்னு வாங்கினது?"

வெரா டிராலியை ஒருமுறை நேர்மையாகச் சோதித்தார். "துணிப்பை என்னோடது" என்றார். "வீட்லேருந்து கொண்டுவந்தேன்."

டெல்மர் துணிப்பையைப் பார்த்தார். அதில் ஒரு விதை கம்பெனியின் பெயர் அச்சடித்திருந்தது. அதிலிருந்து படம் எதுவும் கிளம்பவில்லை.

"தலைவரே, நாப்பது விநாடி முடிஞ்சு நாலு நிமிஷம் ஆச்சு" என்றான் பின்னாலிருந்து லைல்.

"லாரியா இருந்தா இந்நேரம் சொல்லிருப்பாரு" என்றாள் கெண்ட்ரா.

"அவரை அவசரப்படுத்தாதீங்க. அம்மா இன்னும் டிராலியில எதுவும் கூட்டல, குறைக்கல" என்றார் பாஸ்டர். அது ஆதரவா கேலியா என்று கடைசிவரை தெரியவில்லை.

டெல்மரின் விரல் ஒரு காதல் படத்தின் மேல் போய் நின்றது. வெரா காதல் படத்துக்கு அழுவாரா, சிரிப்பாரா? சிரிப்புப் படத்துக்கு நகர்ந்தது. வெரா எதற்குச் சிரிப்பார்? கல்யாணமான முப்பத்தெட்டு வருஷத்தில் சிரித்துத்தான் இருக்கிறார். எதற்கு என்று இவர் குறித்து வைக்கவில்லை. ஏதோ ஒன்றைக் கண்ணை மூடி அமுக்கிவிட்டு, பிடிக்காமல் போனால் டிராலி மீது பழியைப் போடலாம். ஆனால் அந்த டிராலியில் இருந்தது முழுக்க அவரே. அன்று காற்றும் இல்லை.

இன்னும் நேரம் வேண்டுமா என்று மெஷின் கேட்டது. ஆம் என்பதை அமுக்கினார். சற்றுப் பொறுத்து மறுபடியும் கேட்டது. மறுபடியும் அமுக்கினார்.

பிறகு லைலுக்குக் கேட்காதபடி குனிந்து, "வெரா, உனக்கு என்ன மாதிரி படம் புடிக்கும்?" என்றார்.



"தெரியலையே. யாரு கேட்டா இதுவரைக்கும்?" வெரா கைப்பையைத் திறந்து மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்தார். "ஜார்ஜீனுக்குக் காலைல சொல்லிக்கலாம். தள்ளு, பாப்போம்."

முதல் பக்கத்தின் முதல் படத்தைத் தொட்டு, கதைச் சுருக்கத்தை உதடு அசைய ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு இரண்டாவது படத்தைத் தொட்டார். பின்னால் ஏழு டிராலிகள் நின்றன.

டெல்மர் வரிசையின் பக்கம் திரும்பி, தொப்பியைக் கழற்றினார்.

"கொஞ்ச நேரம் ஆகும்" என்றார்.