பிச்சாட்டூரில் ஊலாங் தேநீர்

மருத்துவம் படிக்க சீனாவின் தென்கிழக்குக் கரையில் ஒரு நகரத்துக்குப் போயிருந்தேன். குளிர்கால விடுமுறைக்குத் திருப்பதிப் பக்கம் பிச்சாட்டூரில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, பெட்டியில் கொஞ்சம் துணியும் ஒரு பொட்டலம் ஊலாங் தேயிலையும்தான் இருந்தன. சீக்கிரம் திரும்பிவிடுவோம் என்று விடுதிக் கட்டிலில் போர்வையைக்கூட மடிக்காமல் விட்டிருந்தேன். அதற்குள் கொரோனா வந்து எல்லையை மூடிவிட்டார்கள்.

தேயிலையைக் கொடுத்தவள் அதே கல்லூரியில் படித்த சீனத் தோழி. அவள் வீட்டாருக்கு மலையில் தேயிலைத் தோட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் என் அறைக்கு வந்து, மூடி போட்ட வெள்ளைக் கிண்ணத்தில் தேநீர் போடுவாள். சுருண்டு கிடக்கும் இலைமேல் கொதிநீரை ஊற்றி, உடனே வடித்துக் கொட்டிவிடுவாள். அது இலையை எழுப்பத்தானாம். மறுபடி ஊற்றி, சற்றுப் பொறுத்து, மூடியை எடுத்து என் மூக்கருகே நீட்டுவாள். சம்பங்கி மாலையைப் பிரித்த மாதிரி இருக்கும். குடிப்பது அப்புறம்தான். சின்னஞ்சிறு கோப்பையில் ஒரு வாய் எடுத்து, நாக்கில் கொஞ்சம் வைத்திருந்து விழுங்க வேண்டும். விழுங்கிய பிறகு தொண்டையில் இனிப்பு ஊறும். அதே இலையில் திரும்பத் திரும்ப வெந்நீர் ஊற்றுவோம். ஒவ்வொரு தடவையும் வாசனை மாறும். இலை விரிந்து கிண்ணம் நிரம்பும்வரை பேசிக்கொண்டிருப்போம்.

வீட்டில் அதை எவர்சில்வர் டம்ளரில் போட்டேன். அம்மா பாலும் சர்க்கரையும் எடுத்து வந்தாள், தடுத்துவிட்டேன். நைனா ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னாமா இது, வாசன நல்லா கீது, டீ எங்க கீது?" என்றார். ஆனாலும் மறுநாள் வயலிலிருந்து வந்ததும் அவரே கேட்டு வாங்கிக் குடித்தார். பொட்டலம் சீக்கிரமே தீர்ந்துபோனது.

வகுப்புகள் போனிலேயே நடந்தன. ஒருநாள் தோழி வீடியோவில் அழைத்தாள். விடுதியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். என் அறையில் நின்றுகொண்டு போர்வை, குடை, ஸ்வெட்டர் என்று தூக்கித் தூக்கிக் காட்டினாள். யாருக்காவது கொடுத்துவிடு என்றேன். கடைசியில் அந்த வெள்ளைக் கிண்ணத்தைக் காட்டினாள். அவளே அதைத் துணியில் சுற்றித் தன் பையில் வைத்துக்கொண்டாள். பிறகு போனை மெதுவாகத் திருப்பி, வெறும் கட்டிலையும் ஜன்னலுக்கு வெளியே நனைந்து நின்ற மலையையும் காட்டினாள். நன்றாகப் பார்த்துக்கொள் என்றாள்.

இப்போது திருப்பதியில் ஒரு மருத்துவமனையில் வேலை. நாளெல்லாம் தெலுங்கும் தமிழும்தான்; சீனச் சொற்கள் மறந்துகொண்டே வருகின்றன. தோழி கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். எப்போதாவது பேசும்போது இருவரும் நடுவில் சொல் கிடைக்காமல் சிரிக்கிறோம். ஊலாங் என்று ஆன்லைனில் வாங்கிப் பார்த்தேன். நிறம் சரியாக இருந்தது, மணம் இல்லை. போன மாதம் வந்திருந்த நைனாவும் அதைக் குடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"ஒரு தபா போய் அந்தப் பொண்ண பாத்துட்டு வாயேன்மா. யாரு வேணான்னாங்க?"

லீவு கிடைக்காது என்றேன். அவர் ஊருக்குக் கிளம்பிய பிறகு பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்தேன். காலாவதியாகி இருந்தது. புதுப்பிக்க விண்ணப்பித்திருக்கிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.