முப்பத்தெட்டு மைல்

காரை மாற்றுவதா, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுவதா என்று எங்கள் வீட்டில் இரண்டு வருடமாகப் பேச்சு நடந்தது. தேற்றாத்தீவில் அப்போது வாடகைக்கு ஓடிய கார்களில் என்னுடைய மொறிஸ் மைனர்தான் கிழடு. அதன் மீற்றர், எனக்குத் தெரிய, இரண்டு தடவை முழுச் சுற்றும் சுற்றிச் சுழியத்துக்கு வந்திருந்தது. பாலத்தில் ஏறும்போது பின்னால் வருகிற சைக்கிள்காரர் புகையில் மறைந்துபோவார். இரண்டாம் கியரைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓட்ட வேண்டும், விட்டால் கழன்றுவிடும்.

“இஞ்சாருங்க, ஆள் ஏத்திப் போகக்குள்ள வயல் வட்டைக்கு நடுவில நிண்டிட்டா என்ன செய்வீங்க? இந்த நாளையில வெளியில நிக்க ஏலுமா?” என்பாள் மனைவி.

மெக்கானிக் எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே கூட்டாளி. அவன் வேறு மாதிரிச் சொல்வான். “எஞ்சினுக்கு ஒண்டுமில்ல மச்சான். இன்னும் மூணு வருசம் ஓடும்.” எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு தடவையும் மீற்றரில் உள்ள எண்ணைத் தன் பட்டறைச் சுவரில் சோக்கால் எழுதி வைப்பது அவன் வழக்கம். அந்த மார்கழியில் ஒரு பின்னேரம் அப்படி எழுதினான். அடுத்த நாள் காலை, மழைக்குள் இரண்டு பேர் வந்து சாவியைக் கேட்டார்கள்.

யார் என்று எழுதப்போவதில்லை. தோளில் துவக்கு மாட்டியிருந்தவர்கள் அந்நாளில் ஒரு தரப்பு மட்டுமல்ல. யார் கேட்டாலும் கொடுப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த வழி. காரின் குறைகளைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்து, கியரைப் பற்றியும் அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டியதைப் பற்றியும் சொன்னேன். ஒருவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

“தூரம் போகாது தம்பி, பழசு” என்றேன்.

“தூரம் இல்ல” என்றான்.

நான்காம் நாள் மத்தியானம் கார் வாசல் படலைக்கு வெளியே நின்றது. சாவி அதிலேயே இருந்தது. மனைவி அந்நேரம் முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்கவில்லை என்றாள். சந்தியில் வரும்போதே வீட்டுக்குக் கேட்கிற எஞ்சின் அது. யாரோ தள்ளிக்கொண்டு வந்து விட்டிருக்க வேண்டும். காரைக் கழுவியிருந்தார்கள். நான் ஒருநாளும் கழுவாத மட்கார்ட்டின் உட்பக்கம்கூடப் பளபளத்தது. பின்பக்கத்துக் கால்விரிப்பு இல்லை. பின்கதவுகள் இரண்டிலும் உள்ளே இருந்த கைபிடிகளையும் கழற்றியிருந்தார்கள். கதவுகளை வெளியிலிருந்து மட்டும்தான் திறக்க முடிந்தது.

பட்டறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்தேன். முப்பத்தெட்டு மைல் ஓடியிருந்தது. மெக்கானிக் வேறொரு காரிலிருந்து இரண்டு கைபிடிகளை எடுத்துப் பூட்டிவிட்டான்.

நானூறு மைல் ஓடியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். போகப் பத்தொன்பது, வரப் பத்தொன்பது. அதற்குள் நான் ஆள் ஏற்றி இறக்காத ஊரே இல்லை. பெரியகல்லாறு, களுவாஞ்சிகுடி, ஆற்றுக்கு அப்பால் வெல்லாவெளி. ஓடும்போது ஒவ்வொரு வீட்டு வளவையும் பார்ப்பேன். இங்கேயா நின்றது, இந்தப் படலையிலா? வாசலில் நிற்பவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் பின் இருக்கையையே பார்ப்பதாகத் தோன்றும்.

பிறகு சென்றி. பாலத்தடிக் காவலரணில் எல்லா வாகனத்தையும் நிறுத்தி, ஆட்களை இறக்கி நடக்க வைப்பார்கள். முன்பு என்னையும் மறித்தவர்கள் இப்போது என் காரைக் கண்டதும் கையசைத்துப் போகச் சொன்னார்கள். முதல் நாள் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். ஒரு கிழமையாக அப்படியே நடந்தது. ஆட்களுக்குச் சந்தோஷம். “உங்கட கார்ல வந்தா இறங்கத் தேவல்லையே” என்று தேடி வந்தார்கள். மற்றக் கார்கள் சும்மா நிற்க, என்னுடையது ஓய்வில்லாமல் ஓடியது. இவர்களுக்கு இந்தக் காரை எப்படித் தெரியும் என்று பாலத்தில் அந்தக் கை உயரும் ஒவ்வொரு தடவையும் நினைத்தேன்.

ஒரு நாள் வெல்லாவெளிச் சந்தியில் ஆளை இறக்கிவிட்டு நின்றேன். குடையோடு ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். காரின் முன்னால் நின்று நம்பரை வாய்விட்டு வாசித்தாள். பிறகு பின்கதவைத் திறந்து ஏறி இடப்பக்கம் இருந்தாள்.

“எங்க அக்கா போகணும்?”

“எங்கயும் இல்ல தம்பி. ஒருக்கா இருந்திட்டுப் போறன்.”

திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கண்ணாடியில் அவளுடைய கைதான் தெரிந்தது. இருக்கையை மெல்லத் தடவிக்கொண்டிருந்தது.

“நீங்களா அண்டைக்கு ஓட்டின?”

“இல்ல அக்கா. கேட்டு எடுத்துப் போனவங்க.”

நம்பினாளா தெரியாது. கதவுக் கைபிடியைத் திருப்பினாள். கதவு திறந்தது. சாத்தினாள், மறுபடி திறந்தாள்.

“இது திறக்குதே” என்றாள். “அவர் திறக்கத்தானே பார்த்தவர். நான் பார்த்துக்கொண்டுதான் நிண்டன்.”

குடையை விரிக்காமலே மழைக்குள் இறங்கிப் போனாள்.

காரை உடைப்பதென்று அன்று பின்னேரமே முடிவு செய்துவிட்டேன். பெரியகல்லாற்றிலிருந்து ஒருவர் காரை அப்படியே வாங்க வந்தார். சென்றியில் மறிக்காத கார் என்று கேள்விப்பட்டிருந்தார். முடியாது என்றேன். அது இன்னொருவர் கையில் அதே ரோட்டில் ஓடினால், அந்தப் பெண் மறுபடி அதைக் காண்பாள். அவளைப்போல் இன்னும் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது.

“ஓடுற காரை உடைக்கிறதா? உனக்கென்ன விசரா?” என்றான் மெக்கானிக். நான் வெல்லாவெளியில் நடந்ததைச் சொன்னேன். ஸ்பானரை எடுத்துக்கொண்டு வந்தான். இரண்டு பேரும் மூன்று நாளில் பிரித்து முடித்தோம். மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். இரண்டு வருடமாக அதை மாற்றச் சொன்னவள், கழற்றிய ஆணிகளைப் பொறுக்கித் தகரத்தில் போட்டாள். கதவுகளைக் கொல்லனிடம் கொடுத்து என் கண் முன்னாலேயே வெட்டச் சொன்னேன்.

மாசியில் ஒரு பழைய வான் வாங்கினேன். முதல் ஓட்டத்தில் பாலத்தடியில் மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். நானும் அடையாள அட்டையோடு வரிசையில் நின்றேன். அட்டையைப் பார்த்தவன் நிமிர்ந்து கேட்டான்.

“பழைய கார் எங்க?”

“உடைச்சிட்டன்.”

 பிறகு அட்டையைத் தந்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான். வெல்லாவெளி போய்ச் சேர ஒரு மணித்தியாலம் பிந்தியது. நல்ல காரை மாற்றிவிட்டேன் என்று வானில் இருந்தவர்கள் வழிநெடுக ஏசினார்கள்.