அம்மா வரைந்ததும் அத்தைக்குப் பிடிக்காததும்

எங்கள் அம்மா நெடுங்காட்டில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். காரைக்காலுக்கு மருமகளாக வந்து, கணக்கு ஆசிரியையாக ஓய்வு பெற்றவர். அப்பா மறைந்தபின் சரியாகச் சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் கிடந்தார். அந்த மார்கழியில் பிரான்சிலிருந்து வந்த அத்தை, அப்பாவின் தங்கை, ஒரு வாட்டர்கலர் பெட்டியை அம்மாவின் மடியில் வைத்து, "என்னை வரைங்க அண்ணி" என்று எதிரே உட்கார்ந்துவிட்டார். அம்மா அதுவரை வரைந்ததெல்லாம் கரும்பலகையில் முக்கோணமும் வட்டமும்தான்.

வாட்டர்கலரில் முகம் வரைவது எத்தனை பாடு என்பதை வீடே கற்றுக்கொண்டது. ஒரு பூச்சு காயாமல் அடுத்ததை வைத்தால் நிறம் ஓடிவிடும். எங்கள் ஊர்க் கடற்காற்றில் காகிதம் லேசில் காயாது. அத்தையின் கன்னத்துச் சிவப்பு காதுவரை ஓடி, யாரிடமோ அறை வாங்கியவர் போல ஆனார். அடுத்த வருடம் அத்தை வந்தபோது மூக்குத்தியில் சிக்கல். வெள்ளை வேண்டிய இடத்தை முதலிலேயே பூசாமல் விட வேண்டும், அம்மா மறந்துவிட்டார். பிறகு மேலே வெள்ளைச் சாயம் வைப்பது அவருக்குக் கள்ளக் கணக்கு.

"அண்ணி, என் வைரம் எங்க?"

"மூக்குலதான் இருக்கு. ஆடாம உக்காரு."

தங்களையும் வரையச் சொல்லி வந்த தெருக்காரர்கள், "கொஞ்சம் செவப்பா போடுங்க டீச்சர்" என்பார்கள். "உங்க நெறம் வர்றதுக்கு மூணு பூச்சு போட்டிருக்கேன், கெடுக்காதீங்க" என்பார் அம்மா. எல்லோரும் அவரவர் நிறத்தில் அழகாகவே வந்தார்கள், மகிழ்ந்து வாங்கிப் போனார்கள்.

அத்தை மட்டும் வருடாவருடம் "இது நான் இல்ல அண்ணி" என்று படத்தை வைத்துவிட்டு விமானம் ஏறினார். அம்மாவுக்கு வீம்பு வந்துவிட்டது. "இவ ஒரு படத்தையாவது எடுத்துக்கிட்டுப் போகணும்" என்று ஆண்டு முழுவதும் எங்களை உட்காரவைத்துப் பழகினார். சாப்பிட்டார், சிரித்தார், ஆடினால் திட்டினார்.

சென்ற மார்கழியில் அம்மாவுக்குக் கை நடுங்கியது. படத்தில் புருவம் கோணிக்கொண்டது. "இனிமே என்னால முடியாதும்மா" என்றார். அத்தை அதை வெகுநேரம் பார்த்தார். "இதுதான் அண்ணி நான்" என்று புடவைகளுக்கு நடுவே பத்திரப்படுத்தினார். அம்மா ஜெயித்துவிட்டார். கடைசி நாட்களில் உடம்பு எப்படி என்று கேட்டவர்களிடமெல்லாம் அந்தக் கதையைத்தான் சொன்னார்.

காரியத்துக்கு வந்த அத்தை, வேண்டாமென்று விட்டுப்போன படங்களையெல்லாம் தம் பெட்டியில் அடுக்கினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். "எல்லாமே புடிச்சுதுதான் தம்பி. புடிச்சிருக்குன்னு சொன்னா, அண்ணி வரையறதை நிறுத்திடுவாங்கன்னு பயம்" என்று அழுதார். நானும் அழுதேன்.

அம்மாவைக் கவனித்த மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், துணைநின்ற தெருவாருக்கும், ஆடாமல் உட்கார்ந்து முகம் கொடுத்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அத்தைக்கென்று தனியாக ஒரு பக்கம் நன்றி எழுதி, அவர் கிளம்பும் முன் படித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லால்ல தம்பி. அடுத்த மார்கழிக்கு வர்றேன், வேற எழுதி வை" என்றார்.