கிட்டங்கிக் கரப்பான்கள்

என் நண்டுகளை யாரோ மருந்து வைத்துக் கொல்கிறார்கள் என்று நான் முடிவு கட்டியபோது, வீட்டில் என்னைத் தவிர ஒருவர்தான் இருந்தார். என் கணவரின் அக்கா, எனக்கு மைனி.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம் அது. என் கணவர் கொழும்புக்குப் போகும் தோணியில் வேலை பார்த்தார். போனால், காற்று வசப்பட்டால்தான் திரும்புவார். புன்னைக்காயலிலிருந்து தூத்துக்குடிக்கு வாக்கப்பட்டு வந்த எனக்குப் பேச்சுத் துணை கிடையாது. ஒருமுறை தோணி ஏதோ ஒரு தீவில் ஒதுங்கியபோது, ஓலைப்பெட்டியில் சங்கு நண்டுகளைப் பிடித்து வந்து கொடுத்தார். காலிச் சங்குக்குள் உடம்பைச் செருகிக்கொண்டு, அதையே வீடாக இழுத்துத் திரியும் நண்டுகள். உடைந்த வாயுள்ள பெரிய மண்தொட்டியில் ஈர மணலைக் கொட்டி வளர்த்தேன். ஒரு சிரட்டையில் நல்ல தண்ணீர், ஒன்றில் கடல் தண்ணீர். தின்னத் தேங்காய்ச் சில்லு. எப்போதாவது குசினியில் அகப்படும் கரப்பானைப் போட்டால், தேங்காயை விட்டுவிட்டு ஓடி வரும்.

மைனிக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. புருஷனை இழந்து தம்பி வீட்டோடு இருந்தவர். துறைமுகத்துப் பக்கம் அரிசி மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்றில் சாக்குத் தைக்கப் போவார். நண்டுகள் தொட்டியைச் சுரண்டும் சத்தம் கேட்டால் சிலுவை போட்டுக்கொள்வார். “வீட்டுக்குள்ள எதையெல்லாம் வளக்கணும்னு ஒரு கணக்கு இல்லியாளா?” என்பார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் சாயங்காலம் முந்தானையை அவிழ்த்து, ஒரு கைப்பிடி கரப்பான்களைச் சிரட்டையில் கொட்டினார். “ஏளா, ஒன் பிள்ளைகளுக்குப் போடு” என்றார். எனக்கு ‘பிள்ளைகள்’ என்ற சொல் சுருக்கென்றது. அப்போது எனக்குக் குழந்தை கிடையாது. குத்திக் காட்டுகிறாரா, பிரியமாகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

அந்த வாரமே ஒரு நண்டு கால்கள் வெடவெடக்க மணலில் புரண்டது. மறுநாள் சங்கிலிருந்து பாதி வெளியே தொங்கிக் கிடந்தது. ஓடு உரிக்கிறதோ என்று விட்டு வைத்தேன். மீன் அழுகிய வாடை வந்த பிறகுதான் செத்தது உறுதியானது. அடுத்து இன்னொன்று. மைனி எட்டிப் பார்த்து, “பாவம்” என்றார். அந்தப் பாவத்தையும் நான் நம்பவில்லை.

அதற்குப் பிறகு அவர் கொண்டுவந்ததை வாங்கிக்கொண்டு, அவர் குளிக்கப் போனதும் அடுப்பில் போட்டேன். உப்பளத்துப் பக்கம் போய் நானே வெட்டுக்கிளி பிடித்து வந்து போட்டேன். நண்டுகள் சாவது நின்றது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பயமும் வந்தது. இன்றைக்கு நண்டு, நாளைக்கு யார்? மைனி வைத்த குழம்பை அவர் முதலில் சாப்பிடட்டும் என்று ஏதாவது வேலையாக எழுந்து போவேன். அவர் என் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார்.

கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று ஒரு மத்தியானம் தூக்குச்சட்டியில் சோற்றை எடுத்துக்கொண்டு கிட்டங்கிக்குப் போனேன். கதவோரம் நின்று பார்த்தேன். வாயிலும் மூக்கிலும் துண்டு கட்டிய ஒரு ஆள் மூட்டைகளின் மேல் வெள்ளைப் பொடியைத் தூவிக்கொண்டிருந்தார். மைனி அவரை நோக்கிப் போனார். ‘அங்கிருந்துதான் வாங்குகிறார்’ என்று நினைத்தேன்.

ஆனால் மைனி அவரைக் கடந்து போய்க் குனிந்தார். மூட்டைகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்த கரப்பான்களைப் பொறுக்கினார். ஒவ்வொன்றையும் வாயால் ஊதி, ஒட்டியிருந்த பொடியைச் சேலையில் துடைத்து, முந்தானையில் முடிந்தார். குழந்தைக்குப் பழம் துடைப்பதுபோல இருந்தது.

நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துவிட்டார்.

“இங்கன என்ன செய்யுத?”

“சோறு கொண்டாந்தேன் மைனி.”

“நான்தான் காலையிலேயே கொண்டு வந்துட்டனே. வேவு பாக்க வந்தியா?”

இனி மறைக்க ஒன்றுமில்லை. “நீங்க கொண்டு வந்ததத் தின்னுட்டுத்தான் நண்டு செத்துச்சு.”

அவர் முந்தானை முடிச்சைக் கையில் பிடித்துக்கொண்டார். “நான் கொல்லுதேன்னு நெனச்சியாக்கும். அதான் என் கொழம்பையும் தொட மாட்டேங்குத.” பிறகு குரல் தாழ்ந்தது. “உசுரோட புடிக்க எனக்கு அருவருப்பா இருக்கும்ளா. இங்கன சும்மா செத்துக் கெடக்கு. நீ ஒத்தையில அதுககிட்டயே பேசிக்கிட்டு இருக்கியேன்னு பொறுக்கிட்டு வந்தேன்.”

நான் அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் வெள்ளை.

“இந்தக் கையோடயா சோறு திங்கீய?”

“இங்கன தண்ணி ஏது? சேலையில தொடச்சிக்கிடுவேன்.” சொல்லிவிட்டுத் தன் உதட்டைத் தடவினார். “கொஞ்ச நாளா உதடு மரத்து மரத்துப் போவுது. வெத்தலைக்குச் சுண்ணாம்பு கூடிட்டோன்னு நெனச்சேன்.”

இருவரும் ஒரே சமயத்தில் அந்தப் பொடியைத் திரும்பிப் பார்த்தோம். அந்த நிமிஷம் வரை ஒருவரையொருவர் பார்த்த அதே சந்தேகப் பார்வை அது.

தூவிக்கொண்டிருந்தவர்தான் அங்கே மேஸ்திரி. அது என்ன பொடி, மனுசரை என்ன செய்யும் என்று நான் கேட்டேன். “அது பூச்சிய மட்டுந்தான் கொல்லும். மனுசருக்கு ஒண்ணுஞ் செய்யாது. பட்டாளத்துக்காரன் சட்டைக்குள்ளேயே தூவிக்கிடுதான்” என்றார்.

“நண்டு செத்துப் போச்சே அண்ணாச்சி?”

“நண்டும் ஒரு பூச்சிதானம்மா.”

மைனி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார். “மனுசருக்கு ஒண்ணுஞ் செய்யாதுன்னா, நீங்க எதுக்கு மூக்குல துண்டக் கெட்டிட்டு நிக்கீய?”

மேஸ்திரியின் கை மூக்குத் துண்டுக்குப் போனது. சாக்குத் தைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக ஊசியைக் கீழே வைத்தார்கள். ஒருத்தி தனக்கும் உதடு மரக்கிறது என்றாள். இன்னொருத்தி தலை சுற்றுகிறது என்றாள். அன்று சாயங்காலம் வரை யாரும் உள்ளே போகவில்லை. மூட்டைகளை வெளித் தாழ்வாரத்தில் போட்டுத் தைப்பது என்றும், கை கழுவ ஒரு பானைத் தண்ணீர் வைப்பது என்றும் மேஸ்திரி ஒப்புக்கொண்ட பிறகே வேலை நடந்தது. மைனியின் உதடு மெல்ல மெல்லச் சரியானது. பொடி செய்ததா சுண்ணாம்பு செய்ததா என்று எந்த டாக்டரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அவர் வெற்றிலையை மட்டும் விடவில்லை.

அதன்பின் நண்டுகளுக்குச் செத்த பூச்சி எதையும் போட்டதில்லை. உயிரோடு துள்ளுகிற வெட்டுக்கிளிதான், அதுவும் மருந்து வாடையில்லாத இடத்தில் பிடித்ததாக இருக்க வேண்டும். முள்ளுக் காலை ஒடித்து, வெந்நீரில் முக்கி எடுத்துப் போடுவேன். தின்று மிஞ்சியதை, எறும்பு வருவதற்குள் எடுத்துவிடுவேன். நான் பிடித்து வந்தால் மைனி, “எங்கன புடிச்ச?” என்று விசாரிப்பார். அவர் அருவருப்பை அடக்கிக்கொண்டு, முனிசிபாலிட்டிக்காரர்கள் மருந்து அடிக்கிற சாக்கடைப் பக்கம் ஏதாவது பிடித்து வந்தால் நான் தூர எறிவேன். அவர் கோபித்துக்கொள்வதில்லை.

கணவர் திரும்பி வந்து தொட்டியைப் பார்த்து, “மத்ததெல்லாம் எங்க?” என்றார். நடந்ததைச் சொன்னோம். நாங்கள் இருவரும் ஒரே பக்கம் நின்று பேசியதைத்தான் அவர் நம்பவில்லை.

மிஞ்சிய நண்டுகள் ஓடு உரித்து, பெரிய சங்குகளுக்கு மாறி, நெடுங்காலம் இருந்தன. ஆனால் வேறொன்று எங்களை விடவில்லை. அந்தக் கிட்டங்கியிலிருந்து எந்தெந்த ரேஷன் கடைக்கு அரிசி போகிறது என்று மைனி விசாரித்து வந்தார். எங்கள் கடைக்கும் போனது. வேறு அரிசிக்கு நாங்கள் எங்கே போவது? மைனி அரிசியை முறத்தில் பரப்பி, முகர்ந்து, தண்ணீர் தெளிகிற வரை களைவார். தெளிந்த பிறகும் ஒருமுறை களைவார். பிறகு உலை வைத்து, வெந்த சோற்றை நாங்கள் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம்.